ஓட்டுதல் ஒரு பிறவினை

ஓடுவது தன்வினை, ஓட்டுவது பிறவினை என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்து இலக்கணம் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறது. ஒருவன் தன் ஆயுளின் நல்ல பகுதி முழுவதையும் ஒரு பிறவினையிலேயே கழிக்கிறான் என்றால் அவனுடைய செயல் என்று எதைச் சுட்டுவது என்ற கேள்வியை அது எழுப்புவதில்லை. ஓடியது வேறொன்று, ஓடச் செய்தது மட்டுமே அவன். ஓடியது வென்றால் அந்த வெற்றி எவ்வளவு தூரம் அவனுடையது? தோற்றால்? ஒரு பந்தய ஓட்டியின் தொழில் வாழ்க்கையை ஏற்றம், இறக்கம் என்று நாம் கோடு போட்டுக் காட்டுகிறோமே, அந்தக் கோட்டில் ஏறியதும் இறங்கியதும் அந்த மனிதன்தானா?

எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் இதற்கு ஒரு பதில் வெகுகாலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. அறந்தாங்கி, மணமேல்குடி, திருமயம், அரிமளம் பக்கத்துச் சாலைகளில் கோயில் திருவிழாக்களை ஒட்டி மாட்டுவண்டி எல்கைப் பந்தயம் நடக்கிறது. பெரிய மாடு, நடு மாடு, சிறிய மாடு, அதற்கும் கீழே கரிச்சான், பூஞ்சிட்டு என்று தரம் பிரித்திருப்பார்கள். தூரக் கணக்கு இன்றைக்கும் மைலில்தான்: போய்வர 8 மைல், 6 மைல் என்பார்கள். வண்டியில் கயிற்றைப் பிடிப்பவருக்குச் சாரதி என்று பெயர். புராணம் இவ்வளவு சாதாரணமாகத் தார்ச்சாலையில் புழங்குவது எனக்குப் பிடித்திருக்கிறது.

மறுநாள் செய்தித்தாளில் வரும் வாக்கியம் எப்போதும் ஒரே அமைப்பில் இருக்கும். முதல் பரிசை இன்ன ஊர் இன்னாருடைய மாடு பெற்றது, இரண்டாம் பரிசை இன்ன ஊர் இன்னாருடைய மாடு பெற்றது. கடைசி வரியில், மாட்டின் உரிமையாளர்களுக்கும் சாரதிகளுக்கும் பரிசுகள் வழங்கப்பட்டன என்று பன்மையில் முடியும். எழுவாய் மாடு. ஓடியது மாடுதான் என்பதால் இதில் ஒரு நேர்மை இருப்பதாகவே தோன்றும். ஆனால் மாட்டின் பெயர் அந்த வாக்கியத்தில் இல்லை. மாட்டுக்கு முன்னால் அடையாக நிற்கிற உரிமையாளரின் பெயர்தான் பரிசை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறது. சாரதி பன்மையில் கரைந்துவிடுகிறார்.

நம் இலக்கணக்காரர்கள் கருத்தாவை இரண்டாகப் பிரித்தார்கள். செய்யச் சொன்னவன் ஏவுதற் கருத்தா. செய்தவன் இயற்றுதற் கருத்தா. அரசன் கோயில் கட்டினான் என்பதும் கொத்தன் கோயில் கட்டினான் என்பதும் இரண்டுமே பிழையில்லாத வாக்கியங்கள் என்று அனுமதியும் கொடுத்தார்கள். இந்த அனுமதிக்கு நாம் கொடுத்திருக்கும் விலை கொஞ்சமல்ல. எங்கள் நார்த்தாமலையில் ஒரு கற்றளி இருக்கிறது. விஜயாலய சோழீச்சுரம் என்று பெயர். அங்குள்ள கல்வெட்டு, அதைக் கட்டியவன் முத்தரையர் குலத்துச் சாத்தன் பூதி என்றும், மழையில் சிதைந்ததை மல்லன் விடுமன் புதுப்பித்தான் என்றும் சொல்கிறது. ஊர் வாயில் நிற்பது பெரிய அரசனின் பெயர். சிற்றரசனே ஒரு படி கீழே தள்ளப்பட்டிருக்கிறான் என்றால், கல்லைச் செதுக்கியவனைப் பற்றிப் பேசவேண்டியதில்லை. பெருமைக்கு மேல்நோக்கி ஏறும் குணம் உண்டு. நீர் பள்ளத்தைத் தேடுவதுபோல் அது மேட்டைத் தேடிப் போகிறது.

அறந்தாங்கிப் பக்கத்தில் ஒரு சாரதியிடம் பேச்சுவாக்கில் இதைக் கேட்டேன். "கயித்தப் புடிச்சிருக்கேன், அவ்வளவுதான் சார். ஓடுறது மாடுதானே" என்றார். இது அடக்கமா, அறிவா, அல்லது பல தலைமுறையாகப் பழகிப்போன ஒதுங்கலா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. ஆனால் அதே மனிதர் சற்று நேரத்தில், திருப்பத்தில் இடதுமாட்டை எப்படி அடக்கி வலதுமாட்டை எப்படி நீளவிட வேண்டும் என்று கையை வீசிக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கை, அவ்வளவுதான் என்று சொன்ன வாயோடு உடன்படவில்லை.

*

மோட்டார் பந்தயத்தின் மொழி இதற்கு நேரெதிர். அங்கே ஓட்டிதான் எழுவாய். கார் வென்றது என்று யாரும் சொல்வதில்லை; இன்ன ஓட்டி வென்றார் என்கிறார்கள். ஓட்டியின் பெயருக்கு நேரே புள்ளி விழுகிறது. அவனுக்கு ஒரு வாழ்க்கை வரலாறு உண்டு. அந்த வரலாறு வெற்றி தோல்விகளின் பட்டியலாகவே எழுதப்படுகிறது. எங்கள் சாரதிக்கு மறுக்கப்பட்டது இங்கே முழுமையாகத் தரப்பட்டிருப்பதாகத் தோன்றுகிறது. உண்மையில் தரப்பட்டிருக்கிறதா என்று பார்க்க நமக்குத் தெரிந்த ஒருவரை எடுத்துக்கொள்ளலாம்.

நரேன் கார்த்திகேயன் கோயம்புத்தூர்க்காரர். தகப்பனார் ராலிப் பந்தயங்களில் பெயர் பெற்றவர். உறவினரான கரிவர்தன் ஃபார்முலா மாருதி என்ற சிறிய பந்தயக் காரை வடிவமைத்தவர். 1995ல் விமான விபத்தில் இறந்தார். வசதியும் வித்தையும் ஒரே வீட்டில் இருந்தன. வசதியை மறைத்துவிட்டு வித்தையை மட்டும் கொண்டாடுவது நம் பத்திரிகைகளின் பழக்கம். வித்தையை மறந்துவிட்டு வசதியை மட்டும் சுட்டிக்காட்டுவது நம் அறிவுஜீவிகளின் பழக்கம். இரண்டும் சோம்பல்தான். 1992ல் பிரான்சில் பந்தயப் பள்ளி, 1996ல் ஃபார்முலா ஆசியா சாம்பியன், பிறகு பிரிட்டிஷ் ஃபார்முலா 3, 2001 ஜூனில் ஜாகுவாரின் ஃபார்முலா 1 காரைச் சோதனைக்காக ஓட்டிய முதல் இந்தியர், 2005ல் ஜோர்டன் அணியில் இடம். பட்டியல் இப்படிப் போகிறது. ஜோர்டன் இருக்கைக்குப் பின்னால் டாடாவின் ஆதரவும் இருந்தது. அந்த உலகத்தின் பின்வரிசை அணிகளில் திறமை ஒரு நிபந்தனை. பணம் இன்னொரு நிபந்தனை.

2005 ஜூன் 19 அன்று இண்டியானாபொலிஸில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அதற்கு இரண்டு நாள் முன்பு, பயிற்சியின்போது, 13ஆவது திருப்பத்தில் ரால்ஃப் ஷூமாக்கரின் டொயோட்டா டயர் பழுதாகிச் சுவரில் மோதியது. அந்தத் திருப்பம் பழைய நீள்வட்டத் தடத்தின் சரிந்த பகுதி. அமெரிக்க ஸ்டாக் கார்கள் வழக்கமாக ஓடுகிற இடம் அது. (ஸ்டாக் கார் என்றால் கடையில் விற்பனைக்கு இருப்பில் உள்ள கார், ஆரம்பத்தில் அதையே வாங்கிப் பந்தயத்தில் ஓட்டினார்கள். இன்றைக்கு வெளித்தோற்றம்தான் கடைக் காரினுடையது.) தன் டயர்கள் அந்தச் சரிவில் முழுப் பந்தயத்தையும் தாங்கும் என்று மிஷலின் நிறுவனத்தால் உறுதி சொல்ல முடியவில்லை. ஏழு அணிகளின் 14 கார்கள் முதல் அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் கொட்டகைக்குத் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்டிருந்த ஆறு கார்கள் மட்டும் ஓடின: இரண்டு ஃபெராரி, இரண்டு ஜோர்டன், இரண்டு மினார்டி. மைக்கேல் ஷூமாக்கர் முதலிடம், பாரிக்கெல்லோ இரண்டு, மொன்டேரோ மூன்று, கார்த்திகேயன் நான்கு. ஐந்து புள்ளிகள். ஃபார்முலா 1 வரலாற்றில் ஓர் இந்தியர் பெற்ற புள்ளிகள் இன்றுவரை அவ்வளவுதான்.

பார்வையாளர்கள் கூச்சலிட்டார்கள்; தடத்தில் பாட்டில்கள் விழுந்தன. டயரைச் செய்தவர்களோ சமரசத்துக்கு வராத நிர்வாகிகளோ எறிகிற தூரத்தில் இல்லை. ஓடிக்கொண்டிருந்த ஆறு பேர்தான் கண்ணில் பட்டார்கள்.

அந்த நான்காம் இடம் அவருக்கு உரியதா? எளிமையான மூன்று பதில்கள் உண்டு. பதினான்கு பேர் விலகியதால் கிடைத்தது, எனவே வெறும் அதிர்ஷ்டம் என்பது ஒன்று. விதிப்படி ஓடினார், முடித்தார், எனவே உரியது என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் தத்துவத்தின் கண்ணியமான பதில்: இடத்தைப் பார்க்காதே, முயற்சியைப் பார். ஸ்டோயிக்குகள் ஒரு வில்லாளியை உதாரணமாகக் காட்டியதாக சிசரோ எழுதியிருக்கிறார். குறி பார்ப்பதில் குறையில்லாமல் எல்லாவற்றையும் செய்வதே வில்லாளியின் நோக்கம். அம்பு இலக்கைத் தொடுவது அதற்கப்பாற்பட்டது. நல்லெண்ணம் எதையும் சாதிக்காமல் போனாலும் ரத்தினம்போல் தன்னொளியில் மின்னும் என்றார் கான்ட். செய்கையில் அதிகாரம், பலனில் இல்லை என்று நமக்கு வீட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது. 1976ல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் இந்தக் கண்ணியத்தின்மேல் கல்லெறிந்தார்கள். நம் கையில் இல்லாதவற்றைக் கொண்டே நாம் மனிதர்களைப் போற்றவும் தூற்றவும் செய்கிறோம், இதை விலக்கிவிட்டால் மதிப்பிட ஒன்றும் மிஞ்சாது என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

எனக்கு இந்த இரண்டு தரப்பிலும் ஒரே குறை தென்படுகிறது. இரண்டுமே, செயல் செய்தவனுடையது என்பதைச் சந்தேகிக்காமல் தொடங்குகின்றன. பலனைப் பற்றித்தான் சண்டை. வில்லாளிக்கு அது பொருந்தும். வில் அவனுடையது, தோள் அவனுடையது. ஓட்டிக்குப் பொருந்தாது. பலன் மட்டுமல்ல, செயலே பாதி வேறிடத்தில் இருக்கிறது: எஞ்சினில், டயரில், டயரை மாற்றும் ஆட்களின் கையில், பணம் கட்டியவரின் முடிவில். பிறவினையின் சிக்கல் இது. கீதையைச் சொன்னவர் சாரதி, கேட்டவர் வில்லாளி என்பதை நாம் அவ்வளவாக யோசிப்பதில்லை. வில்லாளிக்குச் சொன்ன உபதேசம் அது. சாரதிக்குச் சாரதி சொன்னது எதுவும் எழுதிவைக்கப்படவில்லை. பாரதப் போர் முடிந்தபின் கண்ணன் முதலில் அர்ச்சுனனை இறங்கச் சொல்கிறான். பிறகு தான் இறங்குகிறான். உடனே தேர் எரிந்து சாம்பலாகிறது. அதுவரை தேரைத் தேராக வைத்திருந்தது யார் என்பதை அர்ச்சுனனுக்குக் காட்ட ஒரு தேரையே எரிக்கவேண்டியிருந்தது.

*

கார்த்திகேயனின் பிந்திய ஆண்டுகளை ஓட்டியின் பக்கமிருந்து பார்த்தால் வேறு ஒரு கணக்கு தெரிகிறது. 2006, 2007ல் வில்லியம்ஸ் அணியில் சோதனை ஓட்டி: கார் இருக்கிறது, பந்தயம் இல்லை. 2009ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயம்: ஆடி கார் இருக்கிறது, பந்தயமும் இருக்கிறது, ஆனால் தொடங்குவதற்குச் சற்று முன்னால் கொட்டகைச் சுவரிலிருந்து விழுந்து தோள் மூட்டு விலகிவிட்டது. மற்ற இருவர் மட்டுமே ஓட்டி அந்தக் காரை ஏழாம் இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2011ல் ஹிஸ்பானியா அணி: அந்த ஆண்டின் மிக மெதுவான கார்களில் ஒன்று. அதிவேகக் காரின் நேரத்தில் 107 சதவீதத்துக்குள் சுற்றை முடிக்காதவர்கள் பந்தயத்தில் கலந்துகொள்ள முடியாது என்ற விதியால் 2011, 2012 இரண்டு ஆண்டுகளிலும் ஆஸ்திரேலியாவில் அந்த அணி ஓடவே இல்லை. 2011ன் நடுவில் இருக்கை டேனியல் ரிக்கியார்டோவுக்குப் போயிற்று. அவரை அங்கே அமர்த்தியது ரெட் புல். இந்தியாவில் முதல் முறையாக நடந்த பந்தயத்துக்கு, 2011 அக்டோபர் 30 அன்று, கார்த்திகேயன் திரும்ப அழைக்கப்பட்டு 17ஆவதாக வந்தார்.

2012 மலேசியாவில் மழை. அந்த மெதுவான காரிலேயே ஒரு கட்டத்தில் பத்தாம் இடத்தில் இருந்தார். பிறகு மழை விட்டதும் காரின் இயல்பு திரும்பிவிட்டது. தன்னைக் கடந்துபோன வெட்டலின் பின்சக்கரமும் இவருடைய காரின் முன்பகுதியும் உரசின. வெட்டலின் டயர் போயிற்று. அப்போது இரண்டு முறை உலக சாம்பியனாகியிருந்த அவர், தம் ஜெர்மன் வழக்கில் வெள்ளரிக்காய் என்று பொருள்படும் சொல்லால் இவரை இகழ்ந்தார். நடுவர்கள் கார்த்திகேயனின் நேரத்தில் 20 விநாடிகளைக் கூட்டினார்கள். கார் ஏன் அவ்வளவு மெதுவாக, கடக்கப்படவேண்டிய இடத்தில் இருந்தது என்பதற்கு யாருக்கும் தண்டனை கிடையாது. அதற்கு விதியும் இல்லை.

நார்த்தாமலையில் பெருமை மேல்நோக்கி ஏறியது என்று சொன்னேன். பழி கீழ்நோக்கி இறங்குகிறது. காரும் பணமும் டயரும் சேர்ந்து செய்ததில், தவறாகிப்போன பகுதி மட்டும் எந்தத் தயக்கமும் இல்லாமல் ஓட்டியின் தன்வினையாக மாறிவிடுகிறது. மோட்டார் பந்தயத்தின் மொழி ஓட்டியை எழுவாயாக்கியது அவனுக்குச் செய்த மரியாதை என்று நினைக்கத் தோன்றும். பழியை இறக்கிவைக்கவும் அங்கே ஓர் இடம் தயாராகிவிட்டது என்பது பிறகுதான் புரிகிறது.

*

2010 மார்ச்சில் கார்த்திகேயன் வர்ஜீனியா மாநிலத்து மார்ட்டின்ஸ்வில்லில் ஓட்டினார். ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பின் டிரக் வரிசைப் பந்தயம் அது. சுற்று அரை மைலுக்குச் சற்று அதிகம். காகிதம் செருகும் கிளிப்பின் வடிவம். இடித்துக்கொள்ளாமல் யாரும் வீடு திரும்புவதில்லை. நாஸ்காரில் பங்கெடுத்த முதல் இந்தியரான அவர் 13ஆவதாக வந்தார். அந்த ஆண்டு சில பந்தயங்களே ஓடினார், எதிலும் வெல்லவில்லை. ஆனால் ஆண்டின் முடிவில் அந்த வரிசையின் மிகப் பிரபலமான ஓட்டி என்ற விருது ரசிகர்களின் ஓட்டால் அவருக்குக் கிடைத்தது. தமிழில் ஓட்டு என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் இருப்பது வேடிக்கைதான். ஓட்டுவதற்குக் கிடைக்காத பரிசு ஓட்டுக்குக் கிடைத்தது. ஒரு மனிதன் செய்ததற்கு இல்லாமல் அவன் எங்களூர்க்காரன் என்பதற்காக விழுகிற ஓட்டுகளை இந்தப் பக்கத்தில் நாம் நிறையப் பார்த்திருக்கிறோம்.

மார்ட்டின்ஸ்வில்லிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் டான்வில். வெண்டல் ஸ்காட்டின் ஊர். 1921ல் பிறந்த கறுப்பர். டாக்ஸி ஓட்டினார், இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் இருந்தார், கள்ளச் சாராயம் கடத்தினார். போலீஸ் வண்டியை முந்த வேண்டிய கட்டாயத்தில்தான் அந்தப் பகுதியின் நல்ல ஓட்டிகள் பலர் உருவானார்கள். ஜூனியர் ஜான்சனும் அப்படி வந்தவர்தான். சாராயக் குற்றத்துக்காக 1956ல் சிறை போனவர், 1960 டேடோனா பந்தயத்தில் தன்னுடையதைவிட வேகமான கார்களின் பின்னால் ஒட்டிக்கொண்டு, அவை கிழித்துத் தரும் காற்றுவழியில் இழுபட்டுப் போகும் வித்தையைக் கண்டுகொண்டு வென்றார். பிறர் காற்றில் பெற்ற வெற்றி. யாரும் அதைக் குறைவாகச் சொல்லவில்லை.

ஸ்காட்டுக்கு முன்னால் காற்றைக் கிழித்துத் தர யாரும் இல்லை. காருக்கு அவரே சொந்தக்காரர், அவரே மெக்கானிக், பிள்ளைகளே உதவியாட்கள். 1961 முதல் 1973 வரை, தலாடிகாவில் அடிபட்டு ஓய்வதுவரை, 495 பந்தயங்கள். ஏவியவரும் இயற்றியவரும் அங்கே ஒரே ஆள். அவர் வென்றால் அது பங்கு பிரிக்கவேண்டாத வெற்றி. அப்படி ஒன்றை ஒரே ஒரு முறை வென்றார்: 1963 டிசம்பர் 1, ஃப்ளோரிடாவில் ஜாக்சன்வில். மற்றவர்களைவிட இரண்டு சுற்று முன்னால் இருந்தார். கொடி அவருக்காக விழவில்லை. பக் பேக்கர் என்ற வெள்ளைக்காரர் வென்றதாக அறிவித்து, கோப்பையைக் கொடுத்து, படம் எடுத்து, கூட்டம் கலைந்து சில மணி நேரம் ஆனபின்தான் கணக்கில் பிழை நேர்ந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டார்கள். வென்றவருக்கு மேடையில் வெள்ளை அழகி ஒருத்தி முத்தம் தருவது வழக்கம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பிழையின் தன்மை விளங்கும். கோப்பை அவர் கைக்கு வரவே இல்லை. 1990ல் இறந்தார். நாஸ்கார் அவருடைய குடும்பத்திடம் கோப்பை ஒன்றைக் கொடுத்தது 2021 ஆகஸ்டில்.

ஸ்காட்டையும் இண்டியானாபொலிஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்றில் இடம் இருக்கிறது, அதைத் தாங்கும் போட்டி இல்லை. இன்னொன்றில் போட்டி இருக்கிறது, இடம் இல்லை. ஏட்டில் விழுந்த எண்ணுக்கும் ஓட்டியவன் செய்த காரியத்துக்கும் இடையில் எந்த அவசியமான பிணைப்பும் கிடையாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். ஆனால் இதிலிருந்து, எல்லாமே தற்செயல், யாருக்கும் எதிலும் பங்கில்லை என்ற முடிவுக்கு வருகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஸ்காட்டின் பிள்ளைகளுக்கு அது தெரியும். இரண்டு சுற்று முன்னால் என்பது கண்ணால் எண்ணக்கூடிய விஷயம். ஓட்டியின் பங்கு இருக்கிறது. அறிவிப்பு மேடையிலிருந்து அது தெரிவதில்லை என்பதுதான் சங்கதி.

நளன் கதையை இந்தக் கண்ணோடு படித்துப் பார்க்கலாம். நாடிழந்து, உருவம் மாறி, இருதுபன்னனிடம் தேரோட்டியாக வேலை செய்கிறான். தேர் இருதுபன்னனுடையது, பயணமும் சுயம்வரத்துக்கான அவனுடைய ஆசையால் நடப்பது. மேலாடை நழுவி விழுந்தது, நிறுத்து என்று அவன் சொல்வதற்குள் அந்த இடம் எங்கோ பின்னால் போய்விட்டது. விதர்ப்பத்துக்குள் தேர் நுழையும்போது அரண்மனையிலிருந்து தமயந்தி அதன் ஓசையைக் கேட்கிறாள். இது நளன் ஓட்டும் தேர் என்று அவள் மனம் சொல்கிறது. இறங்கி வந்தவனோ வேறொரு அரசன். ஓட்டியவனோ குறுகிய உருவமுள்ள யாரோ. கண்ணுக்குக் கிடைத்த சாட்சியம் அத்தனையும் எதிராக நிற்க, சக்கரத்தின் ஓசையில் ஓட்டியவனுடைய பங்கு தனியாகப் பிரிந்து ஒருத்திக்குக் கேட்டிருக்கிறது. அதற்கு அவள் அந்தக் கையைப் பல வருஷம் அறிந்திருக்க வேண்டியிருந்தது. மதிப்பீடு என்று நான் எதையாவது நம்புகிறேன் என்றால் இதைத்தான். கவிதையைப் பற்றி இந்தப் பக்கங்களில் நாம் போடும் சண்டைகளும் வேறெதற்காக?

2019 நவம்பரில், ஜப்பானின் ஃபுஜியில், ஜப்பானிய, ஜெர்மானிய வரிசைகள் இரண்டும் சேர்ந்து நடத்திய பந்தயம் ஒன்றில் கார்த்திகேயன் வென்றார். வயது 42. இண்டியானாபொலிஸை நினைவு வைத்திருக்கும் பலருக்கு இது தெரியாது.

*

இதுவரை எழுதியதில் நான் ஓட்டிக்காக வாதாடியிருக்கிறேன். ஆனால் பழி கீழே இறங்கும் என்றால் அது ஓட்டியோடு நின்றுவிடுமா? காரைப் பொறுத்தவரை நின்றுவிடும். டயர் வெடிக்கும், அதற்கு வலிக்காது. எங்கள் எல்கைப் பந்தயத்தில் ஓட்டிக்குக் கீழே இன்னொன்று இருக்கிறது. 8 மைலில் கடைசி 2 மைல் எப்படி ஓடுகிறது என்பது சாலையோரம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நுரை தள்ளும் வாயும், சாட்டையும், சில இடங்களில் தார்க்குச்சியும். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்தையும் விலக்கியபோது அந்தப் பிராணியின் பக்கமிருந்து சட்டம் பேசியது. 2017 ஜனவரியில் மெரினாவிலும் எங்கள் ஊர்களிலும் திரண்ட கூட்டம் பண்பாட்டின் பக்கமிருந்து பேசியது. மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. இந்த ஒன்பது வருஷ வழக்கில் மாடு பேசப்பட்டது, இனம் பேசப்பட்டது, உரிமை பேசப்பட்டது. கயிற்றையும் சாட்டையையும் ஒரே கையில் பிடித்திருக்கும் மனிதனை யாரும் கூப்பிட்டுக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? ஓடுறது மாடுதானே என்று அறந்தாங்கிச் சாரதி சொன்னதை இந்த இடத்தில் மறுபடி யோசிக்கிறேன். வெற்றியில் அந்த வாக்கியம் அடக்கமாக ஒலித்தது. வலியில் அதே வாக்கியத்தைச் சொல்ல முடியாது. அடிப்பதும் ஒரு வினைதான். அடிக்கச் சொன்னவர், அதாவது பரிசை வாங்கப்போகிற உரிமையாளர், பின்னால் மோட்டார் சைக்கிளில் கத்திக்கொண்டே வருகிறார். இலக்கணப்படி அவர் ஏவுதற் கருத்தா. அடியிலும் அவருக்குப் பங்கு உண்டு. பரிசு என்றால் தன் பெயரை முன்னால் வைக்கத் தெரிந்தவர், அடி என்றால் சாரதியைக் காட்டத் தயங்கமாட்டார். சாரதிக்கு யாரைக் காட்டுவது என்று தெரியாது. மாட்டைக் காட்டலாம், ஓட மறுத்த மாடு என்பார்கள். வென்ற மாட்டுக்கு விலை ஏறும், மறுத்த மாட்டுக்கு அடுத்த சந்தை.

எல்கையிலிருந்து திரும்பி வந்ததும் நுகத்தடியை அவிழ்த்து முதலில் மாட்டை நடக்கவிட வேண்டும், உடனே தண்ணீர் காட்டக்கூடாது என்று அந்தச் சாரதி எனக்குச் சொன்னார். மூச்சு இறங்கும்வரை கூடவே நடப்பாராம். மைக்கில் பரிசு அறிவிக்கிற நேரமும் அநேகமாக அதுதான். அவர் அப்போது மேடைப் பக்கத்தில் இருப்பதில்லை.